வெட்கத்தால் வந்த நட்டம்

சரக்கு விலை, ஜி.எஸ்.டி., தராசு முத்திரை என்று வழக்கமாக எழுதுகிற நான் இம்முறை ஆண்களின் தாம்பத்தியக் குறைபாடு பற்றி எழுதுகிறேன். முகம் சுளிக்காமல் படிக்க வேண்டும்.

எனக்கு 52 வயதில் அந்தத் தளர்ச்சி வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மண்டிக் கணக்கு பார்ப்பதாகச் சாக்குச் சொல்லி, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகே போவேன். விளம்பரம் பார்த்து, மாதம் ஒரு நாள் லாட்ஜில் வந்து தங்கும் ஒருவரிடம் போனேன். நாடி பிடித்துப் பார்த்து, இளவயதுப் பழக்கத்தின் விளைவு என்றார். லேகியம், சூரணம் என்று எட்டு மாதத்தில் ஒரு லாரி உளுந்தின் லாபம் போயிற்று. கிலோவுக்கு பத்துப் பைசா குறைக்க மல்லுக்கு நிற்கும் நான் அவரிடம் பில்கூடக் கேட்கவில்லை!

பிறகு கால் விரல் புண் ஆறாமல் டாக்டரிடம் போனபோதுதான் சர்க்கரை நோய் தெரிந்தது. வெறும் வயிற்றில் 126 இருந்தாலே நீரிழிவு என்கிறார்கள்; எனக்கு 240. தயங்கித் தயங்கி மற்றதையும் சொன்னேன். "அதுதான் ஐயா முதல் அறிகுறி. அப்போதே வந்திருக்கலாமே" என்றார்.

அவர் விளக்கியது இது. விறைப்பு என்பது ரத்த ஓட்டத்தின் வேலை. அந்த உறுப்புக்குப் போகும் ரத்தக்குழாயின் அகலம் 1 முதல் 2 மி.மீ. தான்; இருதயக் குழாய் 3 முதல் 4 மி.மீ. கொழுப்பு படிந்தால் சிறிய குழாய்தான் முதலில் அடைபடும். அதனால் சிலருக்கு நெஞ்சுவலி வருவதற்குச் சில வருடம் முன்பே இந்தத் தளர்ச்சி தலைகாட்டிவிடுகிறது. சர்க்கரையோ குழாயோடு நரம்பையும் கெடுக்கும். புகை, குடி, ரத்தக்கொதிப்பு, காலை முதல் இரவு வரை கல்லாவை விட்டு எழாமல் வளர்த்த தொப்பை எல்லாமே காரணங்கள். விடியற்காலையில் தானாக விறைப்பு வந்து, வேண்டிய நேரத்தில் மட்டும் வராவிட்டால் கடன் கவலை போன்ற மனபாரமாக இருக்கலாம். விந்து முந்துவதற்கும் சிகிச்சை உண்டு. சுயஇன்பத்தாலோ, தூக்கத்தில் வெளியாவதாலோ ஆண்மை போகாது. இந்த ஒரு பயத்தை வைத்தே லாட்ஜ் வியாபாரம் நடக்கிறது.

1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வயாகரா இன்று இங்கும் பல பெயர்களில் கிடைக்கிறது. ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

மளிகைக் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. நல்ல கமிஷன் தருகிறேன் என்று சிலர் வீரிய லேகியப் பொட்டலங்களைக் கொண்டுவந்து கடையில் தொங்கவிடச் சொல்வார்கள். மூலிகை என்று விற்ற பல சரக்குகளில் அதே வயாகரா மருந்து சொல்லாமல் கலந்திருப்பதை அமெரிக்க அரசின் மருந்துத் துறை கண்டுபிடித்திருக்கிறது. வாங்குபவர் இருதய நோயாளியா என்று நமக்கு எப்படித் தெரியும்? ஆண்மைக் குறைவைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ம் வருடச் சட்டமே தடுக்கிறது. என் மண்டியில் அந்தச் சரக்கை ஏற்றுவதில்லை.

எனக்கு இப்போது சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மண்டிக்கு நடந்தே போகிறேன். மற்றது முழுக்கப் பழையபடி ஆகவில்லை. பாதிக்கு மேல் சரியாகியிருக்கிறது. டாக்டர் சொன்னதை அன்றிரவே வீட்டில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்க மனசு வேற எங்கயோ போயிடுச்சுன்னு எட்டு மாசமா நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள் என் மனைவி.