வட்டம் மேடையேறியபோது: கூத்தும் பொல்லடியும்

கவிதை எழுதியவர் மௌத்தானாலும் கவிதை ஏட்டில் இருக்கும். ஆற்றுகைக் கலைக்கு அந்த வசதி கிடையாது. ஆடுகிறவர் நின்றால் அதுவும் நின்றுவிடும். மறுபடி ஒருவர் எழும்பி ஆடினால்தான் அது இருக்கிறது. ஆகவே இக்கலைகளின் வரலாற்றைப் பாடல் வரிகளில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். எங்கே ஆடினார்கள், எவ்வளவு நேரம் ஆடினார்கள், பார்த்த சனம் எங்கே இருந்தது என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கிழக்கிலங்கையில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வளர்ந்த இரண்டு கலைகளிடம் இக்கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். ஒன்று, அயலூர்த் தமிழ் மக்களின் கூத்து. மற்றது, எங்கட பொல்லடி. இரண்டும் வட்டமாக நின்று ஆடப்பட்டவை. இரண்டும் பின்னர் மேடை ஏறியவை. ஆனால் ஏறிய விதத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

மட்டக்களப்புக் கூத்து வட்டக்களரியில் ஆடப்படுவது. சனம் சுற்றிவர இருக்கும். மத்தளமும் சல்லரியுமாக அண்ணாவியார் தரப்பு களரிக்குள்ளேயே நிற்கும். கூத்தர் எல்லாத் திசைக்கும் முகம் காட்டி ஆடுவர். வடமோடி, தென்மோடி என்று ஆட்டமும் பாட்டும் உடுப்பும் வேறுபடும். இரவு தொடங்கினால் விடியும்வரை போகும். அதற்கு முன் நீண்ட நாள் பழக்கம் நடக்கும். சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அரங்கேற்றம் என ஒவ்வொன்றும் ஊர் கூடுகிற நாளாக இருக்கும்.

1956இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எதிரிவீர சரச்சந்திர, சிங்கள நாடகம் மரபிலிருந்து ‘மனமே’யை உருவாக்கி மேடையேற்றினார். அதே பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையோடு கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். ‘கர்ணன் போர்’ 1962இலும், ‘நொண்டி நாடகம்’ 1963இலும், ‘இராவணேசன்’ 1964இலும், ‘வாலிவதை’ 1967இலும் மேடையேறின. விடிய விடிய ஆடியது ஓரிரு மணித்தியாலத்துக்குள் அடங்கியது. திரும்பத் திரும்ப வந்த பாட்டுகள் குறைந்தன. சுற்றிவர ஆடியவர்கள் முன்பக்கம் பார்த்து ஆடத் தொடங்கினார்கள்.

இதனால் கிடைத்த நன்மையைக் குறைத்துச் சொல்ல முடியாது. கூத்து என்றால் படியாத சனத்தின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிய படித்த கூட்டம் முதன்முறையாக அதை மரியாதையோடு பார்த்தது. ‘இராவணேச’னில் மாணவராக இராவணன் வேடமேற்ற சி. மௌனகுரு, பிற்காலத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றியே கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தார். மறுபக்கம், களரியை இழந்த கூத்து கூத்துத்தானா என்ற கேள்வியும் எழுந்தது. சி. ஜெயசங்கர் போன்றோர் சீலாமுனையில் கூத்து மீளுருவாக்கத்தில் இறங்கினர். ஆடுகிற சமூகமே தன் ஊரிலேயே, தன் களரியிலேயே கூத்தைக் காலத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவர்களின் வாதம். யார் சரி என்பது வேறு விடயம். கூத்து மாறும்போது அதைச் சுற்றி நின்று வாதாட ஆட்கள் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இனிப் பொல்லடிக்கு வருவோம். வேறு இடங்களில் களிகம்பு என்றும் சொல்வார்கள். கேரளத்து மாப்பிள்ளை முஸ்லிம்களின் கோல்களியும் இதே குடும்பம்தான். ஆளுக்கு இரண்டு பொல்லு. ஆட்டக்காரர் சோடி சோடியாக வட்டத்தில் நிற்பார்கள். அண்ணாவியார் தாளத்தோடு பாட்டை எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். அல்லாஹ்வையும் ரஸூலையும் புகழ்ந்து தொடங்கிப் பிறகு கதைக்கும் பகிடிக்கும் போவது வழக்கம். தன் பொல்லை அடித்து, எதிரில் நிற்பவரின் பொல்லை அடித்து, திரும்பி அடுத்தவரின் பொல்லை அடித்து நகரும்போது வட்டம் தானாகச் சுழலும். குந்தி அடிப்பது, குனிந்து அடிப்பது, பாய்ந்து அடிப்பது என்று வேகம் ஏறும். பொல்லுச் சத்தமே தாளம். ஒருவர் பிந்தினால் முழு வட்டமும் குழம்பும்.

கல்யாண வீடு, மாப்பிள்ளை ஊர்வலம், சுன்னத்துக் கல்யாணம் என்று அதற்கு இடமும் நேரமும் இருந்தன. அந்தச் சந்தர்ப்பங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. யுத்த காலத்தில் இராக்கூட்டம் கூட வழியில்லாமல் போனது. கல்யாணம் வீட்டு வளவிலிருந்து மண்டபத்துக்குப் போனது. “இதெல்லாம் மார்க்கத்தில் உண்டா?” என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. பெருநாள் தினத்தில் ஹபஷிகள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டி விளையாடியதையும், ஆயிஷா நாயகி அதைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் புகாரி ஷரீபில் படித்த சமூகம் நாம். அந்தக் கேள்விக்கு உலமாக்களோடு இருந்து பேசித் தெளிவு காணலாம். பேசாமலே கைவிட்டதுதான் நடந்தது.

இன்று பொல்லடி பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் மிஞ்சியிருக்கிறது: பிரமுகர்களை வரவேற்கும் ஊர்வலம், பாடசாலைப் போட்டி மேடை. பாடசாலை இல்லாவிட்டால் இந்தத் தலைமுறை பொல்லைத் தொட்டே இருக்காது. நானும் மாணவர்களைப் பழக்கி அனுப்புகிறவன்தான். ஆனால் மேடை தன் கூலியை வாங்கிக்கொள்கிறது. நிமிடக் கணக்கு இருப்பதால் மெதுவாகத் தொடங்கி வேகம் ஏறும் கட்டம் போய், முதலிலேயே உச்ச வேகம் வந்துவிடுகிறது. நடுவர்கள் ஒரு பக்கத்தில் இருப்பதால் வட்டம் அரைவட்டமாகி, பிறகு வரிசையாகிறது. பாட்டை ஒலிப்பதிவில் போட்டால் அண்ணாவியாரே தேவைப்படுவதில்லை.

எங்கள் பழக்கத்தைப் பார்க்க வந்த வயதான அண்ணாவியார் ஒருவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: “சேர், புள்ளைகள் நல்லாத்தான் அடிக்குதுகள். ஆனா எல்லாம் சபையையே பாக்குதுகள். எதிர்ல நிக்கிறவன்ட கண்ணப் பாக்காம அடிச்சா அது பொல்லடியில்ல, ட்ரில்.”

நான் பல பக்கத்தில் எழுத நினைத்ததை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். பொல்லடியில் ஆடுகிறவர்கள் முதலில் ஒருவருக்கொருவர் ஆடுகிறார்கள். சனம் சுற்றிநின்று அதைப் பார்க்கிறது. மேடை அந்த உறவைத் திருப்பிப் போடுகிறது. கூத்து சுருங்கியபோது ஒரு பேராசிரியரும் அண்ணாவிமாரும் கூடி யோசித்துச் சுருக்கினார்கள். அதை மறுத்தவர்களும் யோசித்தே மறுத்தார்கள். பொல்லடியைச் சுருக்கியது மணிக்கூடு. எது போனது என்று கணக்குப் பார்க்க யாரும் இருக்கவில்லை.

கணக்குப் பார்க்க இன்னும் நேரம் இருக்கிறது. அண்ணாவிமார் சிலர் ஹயாத்தோடு இருக்கிறார்கள். நாட்டார் பாடல்களைத் தொகுக்கும் நம் ஆர்வம் சொல்லோடு நின்றுவிடாமல் அடிக்கும் வர வேண்டும். எந்தப் பாட்டுக்கு எந்த அடி, எந்த இடத்தில் திரும்புவது, எப்போது வேகம் கூட்டுவது என்று அவர்களிடமே கேட்டு எழுத வேண்டும். ஒரு முழு ஆட்டத்தை நாலு பக்கமிருந்தும் படம் பிடித்து வைக்க வேண்டும். கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று எது?

போட்டிக்குப் போகிற பிள்ளைகள் போகட்டும். அதே பிள்ளைகளுக்கு வருடத்தில் ஒரு தடவையாவது, ஒரு பெருநாள் அந்தியில், மேடை போடாமல் பாடசாலை மைதானத்தில் வட்டம் கட்டிக் கொடுப்போம். மணிக்கூட்டை யாரும் பார்க்க வேண்டாம். எப்போது நிறுத்துவது என்பதை அண்ணாவியார் தீர்மானிக்கட்டும்.