ஸ்பீக்கருக்கு முன்னால் கதவு

கார் ஸ்பீக்கரை மாற்ற நினைப்பவர் கடைக்குப் போனதும் முதலில் பார்ப்பது அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட்ஸ் கணக்கைத்தான். 250 வாங்கலாமா, 350 வாங்கலாமா என்று பேச்சு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஆசையில் தவறில்லை. புதுச்சேரியில் விழுப்புரம் சாலையில் ரெட்டியார்பாளையம், மூலக்குளம், அரும்பார்த்தபுரம் என்று தினமும் நெரிசலில் ஊர்ந்து போய்வருகிறவருக்குக் காருக்குள் நல்ல பாட்டு ஒரு பெரிய ஆறுதல். விலை குறைந்த மாடல்களில் கம்பெனி பொருத்தித் தரும் ஸ்பீக்கர் பெரும்பாலும் மெல்லிய கூம்பும் சின்னக் காந்தமும் கொண்டது. மாற்றினால் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். ஆனால் கொடுத்த காசுக்குப் பலன் முழுதாகக் கிடைக்க வேண்டுமானால், முதலில் கவனிக்க வேண்டியது ஸ்பீக்கர் உட்காரும் கதவை.

காரணம் எளிது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்று தளர்கிறது. ஆக முன்னால் ஓர் ஒலியலையும் பின்னால் அதற்கு நேர்மாறான ஓர் அலையும் ஒரே சமயத்தில் பிறக்கின்றன. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். அதற்கு முன்னால் ஆறரை அங்குல ஸ்பீக்கர் ஒரு தடையே இல்லை. பின்னலை சுற்றிக்கொண்டு வந்து முன்னலையைக் கரைத்துவிடும். பேஸ் எனும் கீழ் ஒலி காணாமல் போய், கீச்சென்ற மேல் ஒலி மட்டும் மிஞ்சும். இன்றைய ஸ்பீக்கர்களுக்கு முன்னோடியான கருவியை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாகும் 1925-இல் விவரித்தபோதே, முன்னலையையும் பின்னலையையும் பிரித்துவைக்கத் தடுப்பு வேண்டும் என்பது தெரிந்திருந்தது. வீட்டு ஸ்பீக்கர் மரப்பெட்டிக்குள் அடைபட்டு வருவது அதனால்தான். காரில் அந்தப் பெட்டி கதவுதான். ஆனால் கதவின் உட்பக்க உறையான டோர் பேடைக் கழற்றிப் பார்த்தால், பெட்டி என்று சொல்லக்கூடிய எதுவும் அங்கே இருக்காது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் கருவியைப் பொருத்துவதற்காக உள்தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள், அவற்றின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாள், விரலால் தட்டினால் தகர டப்பாவாக ஒலிக்கும் வெளித்தகடு, இவ்வளவுதான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கரானாலும் இதற்குள் மாட்டினால் தன் ஒலியைத் தானே தின்றுகொண்டிருக்கும்.

வாட்ஸ் கணக்குக்கு வருவோம். இன்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14.4 வோல்ட் என்று வைத்துக்கொள்ளலாம். தனி ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) இல்லாத சாதாரண ஸ்டீரியோ, அந்த மின்னழுத்தத்தில் 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்குக் கொடுக்கக்கூடிய சுத்தமான சக்தி, காகிதக் கணக்கிலேயே 26 வாட்ஸைத் தாண்டாது. நடைமுறையில் 20 கிடைத்தால் அதிகம். அப்படியானால் அட்டைப்பெட்டியில் உள்ள 350 எது? அது ஸ்பீக்கர் ஒரு கணம் தாங்கக்கூடிய உச்சம். பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் என்று குறிக்கப்படும் தொடர் சக்தி. அதைவிட முக்கியமாக, டெசிபலில் தரப்படும் சென்சிடிவிட்டி. ஒரே வாட்ஸ் கொடுத்தால் 89 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்கும் 92 டெசிபல் தருவதற்கும் உள்ள அந்த 3 டெசிபல், ஆம்பின் சக்தியை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். ஓம் அளவையும் பார்த்துவிட வேண்டும். 4 ஓமுக்கென்று செய்த ஸ்டீரியோவில் 2 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் ஸ்டீரியோ சூடேறிக் கெட்டுப்போகலாம்.

கதவில் செய்ய வேண்டிய வேலை நுட்பமானதுதான், மர்மமானது அல்ல. பேடைக் கழற்றி, வெளித்தகட்டின் உட்புறத்தை அழுக்கும் எண்ணெய்ப் பசையும் போகத் துடைத்து, அதிர்வை அடக்கும், அலுமினிய மேல்தாள் கொண்ட பியூட்டைல் டேம்பிங் ஷீட்டை ஒட்டி, காற்றுக் குமிழ் நிற்காமல் சின்ன உருளையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. நடுவில் அதிரும் பகுதியை அடக்கினாலே போதும். பிறகு உள்தகட்டின் பெரிய ஓட்டைகளை மூட வேண்டும். ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவே அளவான வளையம், விளிம்பில் ஃபோம். திருகை முடுக்கும் முன்பு கண்ணாடியை முழுதாக இறக்கிப் பார்ப்பது அவசியம். காந்தம் பெரிதாக இருந்தால் கண்ணாடி அதில் போய் இடிக்கும். கம்பெனி ஒயரை வெட்டாமல், அந்த மாடலுக்குரிய கப்ளர் வைத்து இணைப்பது நல்லது. பிளஸ், மைனஸ் ஒரு கதவில் மாறிப்போனாலும் இரண்டு கதவுகளின் பேஸும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால், ஸ்பீக்கரின் பிளஸ் முனையில் 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸையும் மைனஸில் மைனஸையும் ஒரு கணம் தொட்டுப் பார்க்கலாம். கூம்பு வெளிப்பக்கம் நகர்ந்தால் முனைகளின் குறி சரி.

இதற்கு எழும் முதல் எதிர்ப்பு நியாயமானது: கதவை மூடினால் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்காதா? கடல் காற்று வீசும் புதுச்சேரியில், ஃபெஞ்சல் புயலின்போது 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிய ஊரில், இந்தக் கவலை வராமல் இருக்காது. ஆனால் கண்ணாடி ரப்பரைத் தாண்டிக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது எல்லாக் கார்களிலும் நடப்பதுதான். அது அடியில் உள்ள வடிகால் துளைகள் வழியே வெளியேறிவிடும். அந்தத் துளைகளை மூடாதவரை ஆபத்தில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: பிளாஸ்டிக் தாளைக் கிழித்து அப்படியே விட்டுவிடுவதிலும், ஈரத்தில் ஊதிப்போகும் எம்டிஎஃப் மரப்பலகை வளையத்தைப் போடுவதிலும். இங்கே பிளாஸ்டிக் அல்லது அலுமினிய வளையமே ஏற்றது. இன்னொரு எச்சரிக்கையை மறுக்க முடியாது. சில கார்களில், பக்கவாட்டு ஏர்பேகுக்காகக் கதவுக்குள் காற்றழுத்தத்தை உணரும் சென்சார் உண்டு. அத்தகைய கதவில் ஓட்டைகளை மூடுவதோ புதிதாகப் போடுவதோ கூடாது. கையேட்டைப் பார்க்காமல் கைவைக்கவே வேண்டாம்.

கம்பெனிக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிட்டது என்று கேட்பவர்களும் உண்டு. கம்பெனிக்கு நன்றாகவே தெரியும். போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தை நிறுவிய அமர் போஸ், ஜெனரல் மோட்டார்ஸுடன் சேர்ந்து 1983 மாடல் காடிலாக் செவில் காருக்கென்றே ஒலியமைப்பை உருவாக்கினார். காரின் உள்ளிடத்தையும் ஸ்பீக்கரையும் ஒன்றாக வைத்துத் திட்டமிட வேண்டும் என்பதே அதன் அடிப்படை. இந்தியாவிலும் டாடா 2014-இல் ஜெஸ்ட் காரை ஹார்மன் ஒலியமைப்போடு கொண்டுவந்தது. அப்படித் திட்டமிட்டு ட்யூன் செய்த காரில், ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் ஒலி கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. விலைக்குள் அடக்க வேண்டிய கீழ் மாடல்களில்தான் கதவு கவனிக்கப்படாமல் விடப்படுகிறது. இந்தக் கட்டுரையின் வாதம் அந்தக் கார்களுக்குத்தான்.

சாலை இரைச்சலில் இதெல்லாம் யார் காதில் விழப்போகிறது என்பது கடைசிக் கேள்வி. டேம்பிங் ஷீட் சாலைச் சத்தத்தை நிறுத்திவிடாது. தகட்டின் அதிர்வை அடக்கும், அவ்வளவே. ஆனால் இரைச்சல்தான் கதவு வேலைக்கான வலுவான காரணம். டயர் உறுமலில் முதலில் மூழ்குவது பேஸ். அது கேட்கவில்லை என்று வால்யூமைக் கூட்டினால் மேல் ஒலிதான் காதைக் குத்தும். 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்பது செவிக்குக் கேடு என்கிறது உலக சுகாதார நிறுவனம்; ஒலி கூடக்கூட அந்த நேரம் குறையும். பேஸ் சரியாக வந்தால் குறைந்த வால்யூமிலேயே பாட்டு நிறைவாக இருக்கும். ஆம்ப் சேர்த்தால் தீராதா என்றால், அடக்கப்படாத கதவில் கூடுதல் சக்தி கொண்டுவருவது கூடுதல் கடகடப்பு.

ஆகவே செலவின் வரிசை இதுதான்: முன்கதவுகள் இரண்டையும் சரிசெய்வது, பிறகு அவற்றுக்கு நல்ல ஸ்பீக்கர், தேவைப்பட்டால் ஆம்ப், பின்கதவுகள் கடைசியில். ஓட்டுபவர் கேட்பது பெரும்பாலும் முன்கதவுகளைத்தான். இந்த வரிசையில் ஒரு வசதியும் உண்டு. கதவு வேலை முடிந்ததும் பழைய ஸ்பீக்கரையே திரும்ப மாட்டிச் சில நாள் கேட்டுப் பார்க்கலாம். அதிலேயே மனம் நிறைந்துவிட்டால் ஸ்பீக்கர் வாங்கும் பணம் மிச்சம்.