கோழிக்கடை முதலாளி

தீயவரைப் பற்றிப் பேச்சு வந்தால் ‘பசுத்தோல் போர்த்திய புலி’ என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறோம். தோலை உரித்தால் புலி தெரிந்துவிடும் என்பது நம் நம்பிக்கை. அந்தப் புலி நாள்தோறும் பாலும் கறந்தால் என் செய்வது?

‘பிரேக்கிங் பேட்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 2008 முதல் 2013 வரை ஒளிபரப்பாயிற்று. விடுதி நண்பர்களில் பலர் அதைக் கண்டிருப்பீர்கள். அதில் வரும் கஸ்தாவோ ஃப்ரிங் என்னும் கற்பனைப் பாத்திரத்தைப் பற்றியே எழுதுகிறேன். அவன் என்பதா, அவர் என்பதா? ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஊரார் மதித்தபடி ‘அவர்’ என்றே வைத்துக்கொள்கிறேன். அவர் வேண்டியதும் அதுதானே!

நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகெர்க்கி என்றொரு நகரம். அங்கே ‘லோஸ் போயோஸ் எர்மானோஸ்’ என்ற கோழி வறுவல் கடைகளின் முதலாளி ஃப்ரிங். சிலி நாட்டிலிருந்து வந்தவர். மஞ்சள் சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிந்து, தாமே மேசை துடைப்பார். உண்ண வந்தவரை நலம் விசாரிப்பார். பகட்டில்லாத வால்வோ கார் ஒன்றில் வந்து போவார். அவரைத் தேடி முதன்முறை கடைக்கு வந்த வால்ட்டர் வைட் என்னும் வேதியியல் ஆசிரியர், மேசையருகே வந்து நின்றவரே தாம் தேடிய ஆள் என்று அறியாமல் நெடுநேரம் காத்திருக்கிறார்.

ஃப்ரிங்கின் மற்றொரு தொழில் மெத்தாம்ஃபெட்டமின் என்னும் போதைப்பொருளை மொத்தமாக விற்பது. கோழியில் பூசும் மாவு வாளிகளுக்குள் சரக்கு புதைந்திருக்கும். கடை லாரிகளே அதைச் சுமந்து செல்லும். சரக்கு காய்ச்சும் கூடமோ அவருடைய சலவைத் தொழிற்சாலையின் அடியில் இருக்கிறது. சலவைக்கென்று இரசாயனம் வந்து இறங்குவது இயல்பு. கூரை வழியே ஆவி போவதும் இயல்பு. யாருக்கு ஐயம் எழும்?

ஆனால் அந்தக் கடை பொய்க்கடை அன்று. கோழி சுவையானது, இடம் துப்புரவானது. போதைப்பொருள் தடுப்புத் துறையினர் நடத்தும் ஓட்டத்துக்கு அவர் தந்த நன்கொடையும் செல்லுபடியாகும் பணமே. பொய்க்கடை வைத்தவன் என்றேனும் ஒருநாள் அகப்படுவான். நல்ல கடை நடத்துபவரை எதைச் சோதித்துப் பிடிப்பது?

மாணவராகிய நம்மை உறுத்த வேண்டியது அவர் ஏற்படுத்திய கல்வி உதவித்தொகை. கொலையுண்ட தம் நண்பர் மாக்ஸ் ஆர்சினியேகாவின் பெயரால் அது வழங்கப்பட்டது. அந்த நட்பும் பொய்யன்று; நண்பரைக் கொன்ற கும்பலைப் பல்லாண்டு காத்திருந்து பழிவாங்கியவர் அவர். அத்தொகை பெற்று வேதியியல் பயின்ற கேல் பெட்டிக்கர் என்பவரே பின்னர் அக்கூடத்தில் சரக்கு காய்ச்சுகிறார். கேல் சுட்டுக் கொல்லப்பட்டபின் அவர் வீட்டில் ஃப்ரிங்கின் விரல்ரேகை கிடைக்கிறது. 2011இல் வந்த நான்காம் பருவத்தில் அதிகாரிகள் அவரை அழைத்துக் கேட்கின்றனர். ஃப்ரிங் பதறவில்லை. கேல் தம் உதவித்தொகையில் படித்தவர் என்றும், விருந்துண்ண அவர் வீட்டுக்குச் சென்றதுண்டு என்றும் சொல்கிறார். உதவித்தொகை உண்மைதானே! கொடுத்த தருமமே சாட்சிக் கூண்டில் ஏறி நின்று அவரைக் காப்பாற்றுகிறது. மற்றவர்கள் நம்பிவிட, ஹாங்க் ஷ்ரேடர் என்ற ஒருவருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அவர் பிடித்துக்கொண்ட நூல் வேறு: இந்த மனிதர் சிலியில் வாழ்ந்ததற்கு ஓர் ஆவணமும் இல்லையே, ஏன்?

நம் சங்க விழாவுக்கு நன்கொடை கேட்டுக் கடைகடையாக ஏறி இறங்குகிறோம். கொடுப்பவரிடம் இப்படி ஒரு கேள்வியை நாம் கேட்டதுண்டா? ரசீதில் பெயரைப் பிழையில்லாமல் எழுதுவதிலேயே நம் கவனம் போய்விடுகிறது.

அதே பருவத்தின் இறுதியில் வெடிகுண்டுக்கு இரையாகிறார் ஃப்ரிங். கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டுதான் விழுகிறார். அந்தக் காட்சியைப் பலர் வியந்து பேசுவர். என் நெஞ்சில் நிற்பதோ 2012இல் வந்த ஐந்தாம் பருவக் காட்சி ஒன்று. உண்மை வெளிப்பட்டு, அதனால் பதவியிழந்து நிற்கிறார் துறையின் மேலதிகாரி மெர்க்கர்ட். ஃப்ரிங் ஒரு விழாநாளில் தம் வீட்டுக்கே வந்ததையும், குடும்பத்தார் கூடியிருந்த விருந்துக்கு மீன் கொண்டுவந்ததையும் நினைவுகூர்கிறார். இன்றும் மீன் சுடும்போதெல்லாம், ஃப்ரிங் கற்றுக்கொடுத்தபடியே உலோகத்தாளில் பொதிந்து சுடுகிறாராம்.