ரசீதின் அடியில் உள்ள வரி

சம்பளம் போட்ட மறுநாள் குளுவாங் பட்டணம் போய், பல மாதமாகச் சேர்த்த பணத்தில் ஒரு குளிர்பெட்டி வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பத்தே நாளில் அது குளிர்வதை நிறுத்திவிடுகிறது. கடைக்காரர் ரசீதின் அடியைக் காட்டுகிறார்: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.' அச்செழுத்தைக் கண்டதும் நாம் வாயடைத்துத் திரும்பிவிடுகிறோம். ஆபீஸ் அறிவிப்புக்குப் பணிந்தே பழகியவர்கள் அல்லவா!

அந்த வரி சட்டத்தை வெல்லாது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் 1969இல் தோன்றியது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1999 நவம்பர் 15இல், நமது நாட்டில் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. விற்கும் பொருள் அதற்குரிய வேலையைச் செய்யும் என்று வணிகர் வாய்திறந்து சொல்லாவிட்டாலும், உறுதி கொடுத்ததாகவே இச்சட்டம் கொள்கிறது. ரசீதில் ஒரு வரி போட்டு அதை நீக்கிவிட முடியாது. சிறு பழுதானால் சரிசெய்து தரக் கேட்கலாம். பெரும் பழுதானால் வேறு பொருளோ பணமோ கேட்கலாம். நிறம் பிடிக்கவில்லை, அடுத்த கடையில் மலிவு என்றால் மட்டும் சட்டம் உதவாது. அதுவும் நியாயந்தானே?

வணிகர் இணங்காவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மலாயில் 'திரிபூனல் துந்துத்தான் பெங்குனா' என்பார்கள். கட்டணம் ஐந்தே வெள்ளி. இரு தரப்பிலும் வழக்கறிஞர் வாதாட இடமில்லை. பெரிய கம்பெனியானாலும் தன் ஊழியரைத்தான் அனுப்ப வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பெரிய சலுகை வேறில்லை. தொடக்கத்தில் 10,000 வெள்ளி வரை கோரலாம் என்றிருந்தது. 2019இல் அது 50,000 ஆயிற்று. மூன்று ஆண்டுகளுக்குள் மனுச்செய்ய வேண்டும்.

முதலாம் எண் பாரத்தில் வாங்கிய நாள், கொடுத்த விலை, கண்ட பழுது, நாம் கேட்பது ஆகியவற்றை எழுதினால் போதும். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளே மலாயில் நிரப்பித் தருவார்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இக்காலத்து வழவழப்பான ரசீதுகளில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும்; வாங்கிய அன்றே நகல் எடுத்துக்கொள்வது நல்லது.

தீர்ப்பான 14 நாட்களுக்குள் வணிகர் அதன்படி நடக்காவிட்டால் அது குற்றம். அபராதமோ சிறையோ கிடைக்கலாம். விசாரணை நாளில் நாம் போகாமலிருந்தால் நம் மனு தள்ளப்படலாம். கிராணியிடம் முன்கூட்டியே சொல்லி, அன்றைக்கு லீவு எழுதிக்கொள்ளுங்கள்.