கதவடைக்கும் ஆமை

ஐம்புலன்களையும் அடக்கி வாழ்பவனுக்கு ஆமையை உவமையாக்கினார் திருவள்ளுவர். ஆபத்து நேரும்போது தலையையும் நான்கு கால்களையும் ஓட்டினுள் ஒடுக்கிக்கொள்ளும் அதன் இயல்பே அவ்வுவமைக்கு அடிப்படையாகும். வட அமெரிக்காவில் வாழும் பெட்டி ஆமை இவ்வொடுக்கத்தில் மேலும் ஒரு படி சென்ற பிராணி. அதன் அடியோட்டின் குறுக்கே ஒரு பிணைச்சல் அமைந்திருக்கிறது. உறுப்புக்களை உள்ளிழுத்த பின்னர் அடியோட்டின் முன்பகுதியையும் பின்பகுதியையும் மேலே தூக்கி, முதுகோட்டோடு பொருந்துமாறு அது மூடிவிடும். மூடியிட்ட பெட்டி போலத் தோன்றுவதாலேயே அதற்குப் பெட்டி ஆமை என்னும் பெயர் வழங்கலாயிற்று.

ஒரு கையில் அடங்கும் உருவமும், அழகிய ஓடும், சாதுவான குணமும் உடைய இப்பிராணியை ஐக்கிய அமெரிக்காவில் பலர் வீடுகளில் வளர்த்து வருகின்றனர். சிறுவனொருவன் விரும்பி வளர்த்த ஆமை, அவன் வளர்ந்து வீட்டைவிட்டுச் சென்ற பின்னும் உயிரோடிருக்கும். ஏனெனில் முப்பது, நாற்பது ஆண்டுகள் வாழ்வது இவ்வினத்துக்கு இயல்பு. நூறாண்டு கடந்தனவும் அறியப்பட்டுள்ளன. ஆகவே பெட்டி ஆமைகள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கைமாறுவது அங்கு அடிக்கடி நிகழ்வது. புதிதாக ஒன்றைப் பொறுப்பேற்பவருக்கு அதன் பழைய வாழ்வைப் பற்றி யாதும் தெரியாதிருக்கலாம். ஆமையோ தன் துன்பத்தை வாய்விட்டுச் சொல்லாது. ஆதலால் அது எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிவதே பராமரிப்பின் முதற்படியாகும்.

பெட்டி ஆமை என்னும் பெயர் இரு வேறு கூட்டங்களுக்கு வழங்குவது. ஆசியாவில் வாழும் பெட்டி ஆமைகளுக்கும் அடியோட்டில் பிணைச்சல் உண்டு. அவற்றுட் சில பெரும்பொழுதை நீரிலே கழிப்பவை. அமெரிக்கப் பெட்டி ஆமையோ தரையில் வாழ்வது. நன்றாக நீந்த அறியாதது. இவ்வேறுபாட்டை உணராது அதனை ஆழமான நீர்த்தொட்டியில் இட்டால் அது மூழ்கி இறக்கவுங் கூடும்.

அமெரிக்கக் கூட்டத்துள்ளும் பல வகைகள் உள. கிழக்குப் பெட்டி ஆமையின் முதுகோடு குவிமாடம் போல் உயர்ந்திருக்கும்; கபில நிறத்தின் மேல் மஞ்சளும் செம்மஞ்சளுமான கோலங்கள் காணப்படும். பின்காலில் பெரும்பாலும் நான்கு விரல்கள் இருக்கும். மூவிரற் பெட்டி ஆமையின் பின்காலில் மூன்று விரல்களே பெரும்பாலும் உண்டு. அதன் ஓடு கோலம் குறைந்து மங்கிய நிறமுடையது. புளோரிடாப் பெட்டி ஆமையின் உயர்ந்த ஓட்டில் ஒளிமிக்க மெல்லிய மஞ்சட் கோடுகள் விரிந்து செல்லும். சமவெளிப் புல்வெளிகளுக்குரிய அலங்காரப் பெட்டி ஆமையின் முதுகு சற்றுத் தட்டையானது. அதன் அடியோட்டிலும் மஞ்சட் கோடுகள் இருப்பது சிறந்த அடையாளமாகும். விரல்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தவறு. ஓட்டின் வடிவம், கோலம், கால் ஆகிய அனைத்தையும் ஒருங்கே நோக்க வேண்டும். ஈரமான காட்டுக்குரிய கிழக்கு ஆமையை வறண்ட மணலில் வைத்தாலும், புல்வெளிக்குரிய அலங்கார ஆமையை எந்நேரமும் சேற்றில் வைத்தாலும் அவை நலங்குன்றும்.

ஆண் ஆமையின் கண்கள் பெரும்பாலும் சிவந்திருக்கும், அடியோடு உட்குழிந்திருக்கும், வால் தடித்து நீண்டிருக்கும். பெண்ணின் கண்கள் கபிலமாகவும், அடியோடு தட்டையாகவும் இருத்தல் வழக்கம். ஓட்டின் வளையங்களை எண்ணி வயதைக் கணித்துவிடலாம் எனப் பலர் நம்புகின்றனர். இளமையில் ஓரளவு பயன்படும் இம்முறை, ஆமை முதிர்ந்து வளையங்கள் தேய்ந்த பின் பயன்படாது.

வீட்டில் வேறு ஆமைகள் இருப்பின், புதிதாக வந்ததை மூன்று மாதமாயினும் தனியே வைத்தல் வேண்டும். ஊர்வனவற்றைப் பற்றி அறிந்த மிருக வைத்தியர் ஒருவரிடம் அதனைக் காட்டுதல் நன்று. முதற் சில நாட்கள் அது உண்ணாதிருக்கலாம். அடிக்கடி தூக்கிப் பார்த்து அதனை அச்சுறுத்தாது, அமைதியாக விட்டுவிடுவதே தக்கது.

பெட்டி ஆமைக்கு ஏற்ற இருப்பிடம் வீட்டுத் தோட்டத்தில் அமைத்த அடைப்பேயாகும். வெயிலும் நிழலும் ஒருங்கே கிடைக்கும் இடத்தைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். ஆமை மண்ணைத் தோண்டுவதிலும் மூலைகளைப் பற்றி ஏறுவதிலும் வல்லது. ஆகையால் வேலி 45 சென்ரிமீற்றர் அளவு உயரமாகவும், அதன் அடி மண்ணுள் புதைந்ததாகவும் இருத்தல் அவசியம். நாய் முதலியன நெருங்காதபடி மேலே வலையிட வேண்டும். உள்ளே உதிர்ந்த இலைகளையும் நெகிழ்ந்த மண்ணையும் பரப்பி, ஒளிந்துகொள்ள ஒரு மரக்கட்டையை வைத்தால் ஆமை அதனடியிற் புகுந்து இளைப்பாறும். அதன் தாடை அளவுக்கு மேற்படாத ஆழமுள்ள தட்டில் நீர் வைத்து நாள்தோறும் மாற்றுதல் வேண்டும். அந்நீரைக் குடிப்பதோடு அதிலே அமிழ்ந்து கிடப்பதும் அதற்கு விருப்பம்.

வீட்டினுள்ளே வளர்ப்போர் ஓர் உண்மையை மறத்தலாகாது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களின் துணையினாலேயே ஆமையின் உடலில் விற்றமின் டி உண்டாகிறது. அது இன்றேல் உணவிலுள்ள சுண்ணச்சத்து உடலிற் சேராது. ஓடு மென்மையுற்று உருக்குலையும். யன்னற் கண்ணாடி அக்கதிர்களிற் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால், கண்ணாடியூடே விழும் வெயில் போதாது. அதற்கெனச் செய்யப்பட்ட விளக்குகளைப் பொருத்த வேண்டும். பெட்டியின் ஒரு பக்கம் ஏறக்குறைய 30 பாகை செல்சியஸ் வெப்பமும், மறுபக்கம் குளிர்ச்சியும் உடையதாயின், ஆமை தனக்கு வேண்டிய இடத்தைத் தானே நாடிக்கொள்ளும்.

உணவில் பெட்டி ஆமை பேதம் பாராதது. மண்புழு, நத்தை, வண்டு, வெட்டுக்கிளி, காளான், கனிந்த பழங்கள், இலைகள் ஆகிய யாவற்றையும் அது உண்ணும். மனிதருக்கு நஞ்சான காளான்களையும் அது தின்று வாழும் என்பது வியப்புக்குரியது. வீட்டில் ஒரே பண்டத்தை நாள்தோறும் கொடுத்தலே பெருந்தவறாகும். வெறும் இறைச்சியில் சுண்ணச்சத்துக் குறைவு. புழுபூச்சிகளோடு பூசணி, கரும்பச்சை இலைகள், பழங்கள் என்பவற்றைக் கலந்து கொடுத்து, கடித்துக்கொள்ளக் கணவாய் ஓடொன்றையும் வைத்தல் நலம். குட்டிகளுக்கு நாள்தோறும், முதிர்ந்தவற்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் உணவிட்டாற் போதும். மிகையாக ஊட்டப்பட்ட ஆமை கொழுத்து, தன் ஓட்டை மூட இயலாதபடி தசை பிதுங்கி நிற்பதுண்டு. அன்பு மிகுந்து கதவடைக்கும் ஆற்றலையே பறித்துவிட்ட நிலை அது.

கண் வீங்கியிருத்தல், தலையின் பக்கத்தில் செவியிருக்குமிடத்தில் கட்டி தோன்றுதல், மூக்கில் குமிழி வருதல், வாயைத் திறந்து மூச்சு விடுதல், ஓட்டிலிருந்து துர்நாற்றம் வீசுதல் ஆகியன நோயின் அறிகுறிகள். விற்றமின் ஏ குறைந்த உணவு கண்வீக்கத்துக்கும் செவிக்கட்டிக்கும் காரணமாவதுண்டு. இவற்றைக் கண்டதும் வைத்தியரை நாடுதல் வேண்டும். குளிர்காலத்தில் மண்ணுட் புதைந்து உறங்குதல் இதன் இயல்பாயினும், நோயுற்றதையும் மெலிந்ததையும் அவ்வாறு உறங்க விடலாகாது. ஆமையைத் தொட்டவர் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதலும் இன்றியமையாதது. ஆமைகளின் உடலிலுள்ள சல்மொனெல்லாக் கிருமி சிறுவருக்கு நோய் விளைத்தமையினாலேயே, நான்கு அங்குலத்திற் குறைந்த ஓடுடைய ஆமைகளை விற்பதற்கு ஐக்கிய அமெரிக்கா 1975ஆம் ஆண்டில் தடை விதித்தது.

இத்துணைப் பராமரிப்பை அறிந்தவர் மனத்தில், காட்டில் காணும் ஆமையொன்றை எடுத்து வந்தால் என்ன என்னும் எண்ணம் எழலாம். அதற்கு விடை தரக்கூடியவர் லூசில் ஸ்டிக்கெல் என்னும் அம்மையார். மேரிலாந்து மாநிலத்தின் பற்றக்சென்ற் காட்டில் 1944ஆம் ஆண்டு முதல் இவர் ஆமைகளின் ஓட்டோரத்தில் அடையாளமிட்டு அவற்றைத் தொடர்ந்து கவனித்தார். ஒவ்வோர் ஆமையும் ஏறக்குறைய நூறு மீற்றர் அகலமுள்ள ஒரு நிலப்பரப்பையே தன் வீடாகக் கொண்டு, ஆண்டாண்டாக அங்கேயே உலாவுவதை அவர் கண்டறிந்தார். அவ்விடத்தை விட்டு அகற்றப்பட்ட ஆமை வேற்றிடத்தில் அமைதியுறாது, தன் பழைய நிலத்தைத் தேடி அலையும். அவ்வலைச்சலில் வீதியிற் சிக்கி மடியும்.

ஒரு பெண் ஆமை பருவமடையப் பல ஆண்டுகள் செல்லும். ஒரு முறைக்கு நாலைந்து முட்டைகளே இடும். அவற்றிற் பெரும்பாலானவை பிற விலங்குகளுக்கு இரையாகும். ஆதலால் முதிர்ந்த ஆமை நெடுங்காலம் உயிரோடிருந்தாலன்றி அதன் இடத்தை நிரப்ப இன்னொன்று தோன்றாது. காட்டிலிருந்து ஒன்றைக் கொண்டு செல்பவர் ஓர் ஆமையை மட்டுமன்று, அது பல்லாண்டுகளில் ஈன்றிருக்கக்கூடிய குட்டிகளையும் அக்காட்டுக்கு இல்லாமற் செய்கிறார். இதனாலன்றோ 1990களில் இவற்றின் சர்வதேச வியாபாரம் உடன்படிக்கை மூலம் கட்டுப்படுத்தப்பட்டது. வீதியைக் கடக்கும் ஆமையைக் கண்டவர், அது நோக்கிச் சென்ற திசையிலேயே மறுபக்கத்தில் விட்டுச் செல்வதே உதவி. நெடுநாள் வீட்டில் வளர்ந்ததைக் காட்டில் விடுதலும் முறையன்று. வீட்டில் தொற்றிய நோயைக் காட்டு ஆமைகளுக்கு அது பரப்பிவிடக்கூடும்.

இலங்கைக் காடுகளில் பெட்டி ஆமை இல்லை. ஆயினும் வறண்ட பகுதிகளில் வாழும் நட்சத்திர ஆமைக்கும் இதே ஆபத்து உண்டு. அதன் ஓட்டின் அழகே அதற்குப் பகையாயிற்று. அதைப் பிடிப்பதையும் கடத்துவதையும் சட்டம் தடுக்கிறது.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது பழமொழி. உண்மையில் வீடு புகுந்த ஆமைதான் பல வேளைகளில் உருப்படாது போகிறது. காட்டில் உள்ளதைக் காட்டிலே விட்டு, வீடிழந்து கைக்கு வந்ததை மட்டும் ஏற்று, அதன் இனமறிந்து இயல்பறிந்து, தனக்குப் பின் அதைப் பேண வேண்டியவர் யார் என்பதையும் இப்போதே தீர்மானித்துக்கொள்பவரே அதற்கு உரிய காவலராவார்.