ஒரு வரியில் ஒரு மனிதர்

உங்கள் மைகார்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள 12 இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம். சிலாங்கூருக்கு 10, கோலாலம்பூருக்கு 14 என்பது போல. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண்.

இப்படி ஒன்றைப் பற்றிய விவரங்களை ஒரே வரியாக்குவதைத்தான் கணினி மொழிகளில் 'சீரியலைஸ்' செய்தல் என்கிறார்கள். எதை எழுதுவது, எந்த வடிவில் எழுதுவது, எதை விட்டுவிடுவது என்பதை நிரல் எழுதுபவரே விதிக்கலாம். ஜாவா மொழியில் ஒரு விவரத்தின் முன் 'டிரான்சியன்ட்' என்று குறித்தால், அது வரியில் ஏறாது. கடவுச்சொல்லை இப்படி வெளியே போகாமல் காக்கலாம்.

ஆனால், எழுதுபவரும் படிப்பவரும் ஒரே விதியைக் கைக்கொள்ள வேண்டும். ஆண்டு 25 என்றிருந்தால், அது 1925-இல் பிறந்த பாட்டியா, 2025-இல் பிறந்த பேத்தியா? அவ்விரு இலக்கங்கள் மட்டும் அதைச் சொல்லமாட்டா.

ஆகவே தோட்டத்துத் தாய்மார்களே, தந்தையர்களே! பிள்ளையின் பிறப்பைப் பதியும்போது தேதியையும் பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். கிள்ளானில் வரியேறிய பிழை, அந்த வரி போகுமிடமெல்லாம் கூடவே போகும். கணினி கற்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் இதையே சொல்லுங்கள்.