ராஸ்பெரி பை: கரண்ட் கொடுத்த பிறகு உள்ளே நடப்பது என்ன?

புதிதாக ராஸ்பெரி பை வாங்கியவர்கள் பலரும் முதல் நாளே சொல்லும் புகார் இது: "கரண்ட் கொடுத்தேன். சிவப்பு விளக்கு எரியுது. டிவியில ஒண்ணும் வரல. போர்டு போச்சு போல." பெரும்பாலும் போர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பை 3, பை 4 மாடல்களில் சிவப்பு விளக்கு மின்சாரம் வந்து சேர்ந்ததை மட்டுமே காட்டும். உள்ளே வேலை நடக்கிறதா என்பதை அதற்குப் பக்கத்தில் இருக்கும் பச்சை விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பை 5-இல் ஒரே விளக்குதான், இரு நிறத்திலும் எரியும்.

இந்தச் சின்னக் கணினியில் லினக்ஸ் ஏற்றுவது கடினமான வேலை என்று ஒரு பேச்சு இருக்கிறது. லினக்ஸ் தரப்பில் கடினம் குறைவு. லினக்ஸ் விழிப்பதற்கு முந்தைய சில நொடிகளில்தான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த நொடிகளில் எது முதலில் எழுகிறது, எது எதை எழுப்புகிறது என்ற வரிசை தெரிந்தால் போதும், கோளாறு எங்கே என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த எபன் அப்டனும் அவருடைய சகாக்களும் வடிவமைத்த முதல் ராஸ்பெரி பை 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர், நினைவகம் 256 மெகாபைட். அதில் இருந்த பிராட்காம் சிப்பில் இரண்டு மூளைகள் உண்டு: வீடியோகோர் என்ற கிராஃபிக்ஸ் பகுதி, ஏஆர்எம் என்ற செயலி. லினக்ஸ் ஓடுவது ஏஆர்எம்மில். ஆனால் கரண்ட் கொடுத்ததும் முதலில் எழுவது வீடியோகோர்தான். ஏஆர்எம் அப்போது தூங்கிக்கொண்டிருக்கும். வீடியோகோர் எஸ்டி கார்டின் முதல் பகுதியைத் திறந்து பூட்கோட்.பின் என்ற சிறு நிரலைப் படிக்கும். அந்த நிரல் நினைவகத்தை எழுப்பி, ஸ்டார்ட்.எல்ஃப் என்ற பெரிய நிரலை ஏற்றும். ஸ்டார்ட்.எல்ஃப் அங்கிருக்கும் கான்ஃபிக்.டிஎக்ஸ்டி கோப்பில் உள்ள அமைப்புகளைப் படித்துக்கொண்டு, லினக்ஸின் கெர்னலை நினைவகத்தில் வைத்த பிறகுதான் ஏஆர்எம்மைத் தட்டி எழுப்பும். பை 3 வரை இதுதான் வரிசை. பை 4-இல் முதல் படி கார்டிலிருந்து போர்டிலேயே பதிக்கப்பட்ட ஒரு சிறு சிப்புக்கு மாறியது. பை 5-இல் ஸ்டார்ட்.எல்ஃப் செய்த வேலையும் அதற்குள்ளேயே போய்விட்டது.

இது தெரிந்தவருக்குப் பச்சை விளக்கு நிறையச் சொல்லும். விட்டு விட்டு நான்கு முறை மின்னி நின்றால் ஸ்டார்ட்.எல்ஃப் கிடைக்கவில்லை. ஏழு முறை மின்னினால் கெர்னல் கோப்பு கிடைக்கவில்லை. இரண்டுமே கார்டில் உள்ள குறை. போர்டைக் குற்றம் சொல்ல வேண்டாம், கார்டை மறுபடி எழுதுங்கள். பை 4, பை 5 வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கார்டே இல்லாமல் டிவியில் இணைத்துக் கரண்ட் கொடுங்கள். எதிலிருந்து பூட் ஆகலாம் என்று தேடும் விவரத்திரை வந்தால் போர்டும் கேபிளும் நல்ல நிலையில் இருக்கின்றன. பை 4-இல் இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ துளைகள் உண்டு. கரண்ட் செருகும் துளைக்கு அருகில் இருப்பதில் முதலில் செருகிப் பாருங்கள்.

சார்ஜரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காரணம் தெரியாமல் வரும் கோளாறுகளில் பாதிக்கு அதுவே மூலம் என்பது என் கணிப்பு. பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். பை 5-க்கு அதே 5 வோல்ட்டில் 5 ஆம்பியர். வீட்டில் கிடக்கும் செல்போன் சார்ஜரில் 33 வாட், 65 வாட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அவை 9 வோல்ட், 20 வோல்ட் என்று அழுத்தத்தை உயர்த்தித்தான் அந்த வாட் கணக்கை எட்டுகின்றன. பை கேட்பது 5 வோல்ட் மட்டுமே. மெல்லிய குழாயில் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறத் திணறுவதுபோல, மெல்லிய நீளமான கேபிளிலும் மின்னழுத்தம் வழியிலேயே குறைந்துவிடும். சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் போர்டு எச்சரிக்கை தரும். திரையின் மூலையில் மின்னல் குறி தெரியும். அதைப் பொருட்படுத்தாமல் விட்டால் வைஃபை அறுபடும், யுஎஸ்பி டிஸ்க் திடீரென்று காணாமல் போகும், கார்டில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பழுதாகும். பிறகு லினக்ஸின்மேல் பழி விழும். போர்டுக்குப் பணம் கொடுத்தவர்கள் அதற்கென்றே விற்கும் சார்ஜரையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது.

அடுத்தது கார்டு. இயங்குதளத்தின் இமேஜ் கோப்பை டவுன்லோட் செய்து, பென் டிரைவில் பாட்டு காப்பி செய்வதுபோல் கார்டில் போட்டால் எதுவும் நடக்காது. அந்த ஒரே கோப்புக்குள் ஒரு கார்டின் முழு அமைப்பும் இருக்கிறது: வீடியோகோர் படிக்கத் தெரிந்த சிறிய ஃபேட் பகுதி, லினக்ஸ் குடியிருக்கும் பெரிய இஎக்ஸ்டி4 பகுதி, இரண்டையும் பிரிக்கும் அட்டவணை. அதைக் கார்டின் முதல் பைட்டிலிருந்து அப்படியே எழுத வேண்டும். 2020-இல் வந்த ராஸ்பெரி பை இமேஜர் இதைச் செய்துவிடுகிறது. எழுதிய பிறகு சரிபார்க்கவும் செய்கிறது. லினக்ஸ் பழகியவர்கள் டிடி கட்டளையைப் பயன்படுத்தலாம். ஆனால் டிஸ்க்கின் பெயரில் ஒரு எழுத்து மாறினால் உங்கள் ஹார்ட் டிஸ்க்கே அழிந்துவிடும். முதல் முறை இமேஜரே போதும்.

எழுதி முடித்த கார்டை விண்டோஸ் கணினியில் மறுபடி செருகினால், "இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று ஒரு பெட்டி வரும். இஎக்ஸ்டி4 பகுதியை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாததால் அது வெற்றிடம் என்று நினைத்துக் கேட்கிறது. கேன்சல் கொடுங்கள். சரி என்று அழுத்தினால் செய்த வேலை எல்லாம் போய்விடும்.

இமேஜரில் எழுதுவதற்கு முன் சில விவரங்களைக் கேட்கும்: கணினிக்கு ஒரு பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டு, வைஃபை விவரம், எந்த நாடு. அவசரப்பட்டுத் தாண்டிப் போகாதீர்கள். நாடு குறிப்பிடாவிட்டால் வைஃபை முடங்கிக் கிடக்கும், ஏனென்றால் எந்த அலைவரிசைக்கு அனுமதி என்பது நாட்டுக்கு நாடு வேறு. கீபோர்டும் மானிட்டரும் இல்லாமல் வேறொரு கணினியிலிருந்து இயக்க நினைத்தால் எஸ்எஸ்எச் என்பதையும் இங்கேயே இயக்கிவிடுங்கள். பழைய கையேடுகளில் பயனர் பெயர் 'பை', பாஸ்வேர்டு 'ராஸ்பெரி' என்று இருக்கும். அந்தப் பொதுப் பெயர் 2022 ஏப்ரலில் எடுக்கப்பட்டுவிட்டது. எல்லா போர்டிலும் ஒரே பெயர் இருந்தது, வெளியிலிருந்து நுழையப் பார்ப்பவர்களுக்குப் பாதி வேலையை மிச்சமாக்கியிருந்தது.

எந்த இயங்குதளம்? முதல் தடவை என்றால் ராஸ்பெரி பை ஓஎஸ். 2020 வரை அதன் பெயர் ராஸ்பியன். அது பிறந்த கதை தெரிந்தால் திறந்த மூலம் என்பதன் அருமை புரியும். 1993-இல் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு ஏஆர்எம் செயலிகளுக்கும் வந்துகொண்டிருந்தது. ஆனால் அதன் வேகமான ஏஆர்எம் பதிப்பு, ஏழாம் தலைமுறைச் செயலிகளையே எதிர்பார்த்தது. 35 டாலர் போர்டில் இருந்ததோ ஆறாம் தலைமுறை. அதில் ஓடக்கூடிய இன்னொரு பதிப்பு இருந்தது. அது தசமக் கணக்குகளைச் செயலியின் கணக்குப் பகுதியிடம் கொடுக்காமல் மென்பொருளாலேயே செய்ததால் மந்தமாக ஓடியது. 2012-இல் மைக் தாம்சன், பீட்டர் கிரீன் என்ற இருவர் முன்னின்று, டெபியனின் ஆயிரக்கணக்கான மென்பொருள்களையும் அந்த எளிய செயலிக்கு ஏற்றபடி மறுபடி கம்பைல் செய்தார்கள். நிறுவனம் எதுவும் அவர்களைப் பணித்து இதைச் செய்யவில்லை. மூலநிரல் எல்லார் கையிலும் இருந்ததால் செய்ய முடிந்தது. மூடிய இயங்குதளமாக இருந்திருந்தால், உரிமையாளர் மனம் வைக்கும்வரை அந்த போர்டுகள் காத்துக்கிடந்திருக்கும்.

பை 3-க்கும் அதற்குப் பிந்தைய போர்டுகளுக்கும் 64-பிட் பதிப்பை எடுக்கலாம். டிவியில் இணைக்காமல் ஒரு சர்வராக மட்டும் ஓடப்போகிறது என்றால் லைட் என்ற சிறிய பதிப்பு போதும்.

ஆரஞ்சு பை போன்ற வேறு போர்டு உங்களிடம் இருந்தால் ராஸ்பெரியின் இமேஜ் அதில் எழாது. பெயரில் பை இருந்தாலும் சிப் வேறு. மேசைக் கணினியில் எந்தச் சாதனம் எங்கே இருக்கிறது என்று கெர்னல் பெரும்பாலும் விசாரித்தே தெரிந்துகொள்ளும். இந்த போர்டுகளில் அந்த வசதி குறைவு. எந்த முகவரியில் நெட்வொர்க், எந்தக் காலில் விளக்கு என்று பட்டியலிட்ட டிவைஸ் ட்ரீ என்ற கோப்பைக் கையில் கொடுத்தால்தான் கெர்னலுக்கு வழி தெரியும். போர்டுக்கு போர்டு அது மாறும். ஆகவே ராஸ்பெரி அல்லாத போர்டுகளுக்கு ஆர்ம்பியன் என்ற தொகுப்பில், உங்கள் போர்டின் முழுப் பெயருக்கு உரிய இமேஜையே எடுக்க வேண்டும்.

கார்டைச் செருகிய பிறகு முதல் பூட் சற்று நேரம் எடுக்கும். பெரிய பகுதியைக் கார்டு முழுவதற்கும் விரித்துக்கொண்டு, தானாகவே ரீஸ்டார்ட் ஆகும். பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருக்கும்வரை பொறுமையாக இருங்கள். லாகின் ஆனதும் சூடோ ஆப்ட் அப்டேட், பிறகு சூடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட் என்ற இரண்டு கட்டளைகளையும் கொடுத்துவிடுங்கள். தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் லோஹித் தமிழ் எழுத்துருவை நிறுவலாம். ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியுடன் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகையில் தட்டலாம்.

நிறுத்தும்போது வயரைப் பிடுங்காதீர்கள். சூடோ பவர்ஆஃப் கொடுத்து, கார்டில் எழுதுவது முடிந்த பிறகு கரண்டை நிறுத்துங்கள். அடிக்கடி கரண்ட் போகும் ஊர் என்றால், நன்றாக ஓடும் நிலையில் கார்டின் ஒரு நகலை இமேஜாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். கெர்னலிலிருந்து மேலே பெரும்பாலானவை திறந்திருக்கின்றன. அதை எழுப்பும் ஸ்டார்ட்.எல்ஃப் போன்ற நிரல்கள் இன்றும் மூடியவைதான். லினக்ஸுக்குப் பதில் ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி போன்ற வேறு இயங்குதளங்களை ஏற்றினாலும் அவை இல்லாமல் ராஸ்பெரி பை எழாது. 2014-இல் பிராட்காம் கிராஃபிக்ஸ் பகுதியின் ஆவணங்களை வெளியிட்டது பெரிய முன்னேற்றம். பூட் நிரல் மட்டும் மிச்சமிருக்கிறது. இது உங்களுக்கு முக்கியம் என்றால் பீகிள்போன் என்ற போர்டைப் பாருங்கள். சிப்புக்குள் பதிந்த சிறு நிரலைத் தாண்டியதும் அதை எழுப்புவது யு-பூட் என்ற திறந்த மூல நிரல். போர்டின் வரைபடங்களும் வெளியிடப்பட்டிருக்கின்றன. முதல் முறை கற்றுக்கொள்பவருக்கு நான் ராஸ்பெரி பையைத்தான் சொல்வேன். அதன் விளக்கங்களும் மென்பொருள் பராமரிப்பும் அவ்வளவு நேர்த்தியாக இருக்கின்றன.

கையில் பழைய போர்டு ஏதாவது இருந்தால் புதியதற்குச் செலவழிக்கும் முன் அதில் தொடங்குங்கள். ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் 32-பிட் பதிப்பு, 2012-இல் வந்த முதல் மாடலிலும் ஓடும்படியாகவே இன்னும் வெளியாகிறது.